கடைக்காரருக்கு எதற்கு விமானம்?

பல்லாவரம், சென்னை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மைதிலிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததால் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். சொட்டு மருந்து மட்டும் இன்னும் சில நாள் விட வேண்டும். நீ மாடி கட்டி முடித்துவிட்டாய் என்று கேட்டதில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம்.

உன் மகன் கார்த்திக்குக்கு இரண்டு இடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது, ஒன்று கூரியர் கம்பெனியின் விமானப் பிரிவு, இன்னொன்று ஆன்லைன் கடையின் போக்குவரத்துப் பிரிவு, எதில் சேரட்டும் என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "கடைக்காரனுக்கு எதுக்குப்பா ஏரோப்ளேன்?" என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஆர்.எம்.எஸ்.ஸில், அதான் ரயில்வே தபால் பிரிவில், இருந்தவன் நீ, நாக்பூர் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1949இல் இரவுத் தபால் விமானம் தொடங்கியபோது சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி என்று நான்கு ஊரிலிருந்தும் ராத்திரி டகோட்டா விமானங்கள் கிளம்பும். நடுநிசியில் எல்லாம் நாக்பூரில் கூடும். பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். ஊருக்கு ஊர் நேராகப் பறக்காமல் நடுவில் ஒரே இடத்தில் கூடிப் பிரிக்கிற அந்தக் கணக்குத்தான் இன்றைக்கும் கூரியர் தொழிலின் முதுகெலும்பு. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் கூரியர் கம்பெனி மெம்ஃபிஸ் நகரத்தை நடுவாக வைத்துப் பறக்கத் தொடங்கியது 1973 ஏப்ரல் 17 அன்று. 14 சின்ன விமானங்கள், முதல் இரவில் 186 பார்சல், 25 ஊர், அவ்வளவுதான். நம் ஊருக்கும் இந்தத் தொழிலில் பழைய உறவு உண்டு. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து கிளம்பிய டாட்டாவின் தபால் விமானத் தடம் பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னையில்தான் வந்து முடிந்தது. 1996 முதல் சரக்கு விமானம் ஓட்டிவரும் ப்ளூ டார்ட் ஏவியேஷனுக்குத் தலைமை அலுவலகம் சென்னையில்தான்.

நான் மீனம்பாக்கம் பக்கம் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் கூரியர் பை என்றாலே காகிதம்தான். டிராஃப்ட், டெண்டர், பேங்க் செக். கனமான சின்னப் பை, நல்ல காசு. 2011இல் செக்கைப் படம் பிடித்து அனுப்பும் முறை சென்னைக்கு வந்தபிறகு அந்தப் பைகள் மெலிந்துபோயின. அவற்றின் இடத்துக்கு அட்டைப் பெட்டிகள் வந்தன. இங்கேதான் தொழிலின் கணக்கே மாறியது. விமான நிலையத்தின் சரக்கு வளாகமான கார்கோ காம்ப்ளெக்ஸில் தராசுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 6,000ஆல் வகுப்பார்கள். அதுதான் வால்யூம் வெயிட், பெட்டி அடைக்கிற இடத்தை எடையாகக் கணக்கிடுவது. 60க்கு 40க்கு 30 பெட்டியில் இரண்டு தலையணை போட்டு அனுப்பினால் தராசு இரண்டு கிலோ காட்டும், பில்லில் 12 கிலோ என்று வரும். ஆன்லைனில் விற்கிற சாமானில் பாதி இப்படித்தான். எடை ஏறுவதற்கு முன்பே விமானத்தில் இடம் தீர்ந்துவிடும்.

கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது அங்கேதான். 2013 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் யுபிஎஸ் என்ற கூரியர் கம்பெனியின் விமானங்கள் தாங்க முடியாத அளவுக்குப் பார்சல் குவிந்து, பண்டிகை முடிந்தபிறகுதான் பல பேருக்குப் பரிசுப் பெட்டி போய்ச் சேர்ந்தது. கெட்ட பெயர் அமேசானுக்கும் வந்தது. 20 டாலர் கூப்பன் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. 2016இல் அவர்கள் போயிங் 767 சரக்கு விமானங்களை வாடகைக்கு எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு கம்பெனிகளிடமிருந்து ஆளுக்கு இருபது என்று ஒப்பந்தம். 2021இல் சொந்தமாகவே பதினொன்று வாங்கினார்கள். அதே வருடம் சின்சினாட்டி விமான நிலையத்தில் 150 கோடி டாலர் திட்டமாகத் தங்கள் நடு நிலையத்தையும் திறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கூரியர்காரருக்கு நாளை என்ன வரும் என்று இன்றைக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்கு யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் விடிவதற்குள் சேர்த்தாக வேண்டும், அதனால் ராத்திரியில் பறந்தே தீர வேண்டும். கடைக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாமான் ஏற்கெனவே அவர் கிடங்கில் இருக்கிறது. எந்த ஊரில் எது விற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். வேண்டுமானால் பகலில் நிதானமாகப் பறக்கலாம். சாமானை முன்கூட்டியே வாங்குபவர் ஊருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பறக்கவே வேண்டாம், வேன் போதும். ஆக, அவர் விமானம் வாங்குகிறார், அதே சமயம் விமானத்தின் தேவையையும் குறைத்துக்கொண்டே வருகிறார். கூரியர் கம்பெனிகளை உண்மையில் பயமுறுத்துவது இந்த இரண்டாவது வேலைதான் என்பது என் எண்ணம்.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபெடெக்ஸ் 2019இல் அமேசானோடு இருந்த ஒப்பந்தங்களைத் தானாகவே விட்டுவிட்டது. தன் வருமானத்தில் அது 1.3 சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. யுபிஎஸ்ஸுக்கு அவ்வளவு எளிதில்லை, 2024 வருமானத்தில் 11.8 சதவீதம் அந்த ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. அப்படியிருந்தும் 2025 ஜனவரியில், அமேசானுக்காகச் சுமக்கும் பார்சலை 2026 பிற்பாதிக்குள் பாதிக்கும் மேல் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். பெரிய வாடிக்கையாளர்தான், லாபம் அதில் இல்லை என்பது அவர்கள் வாதம். வேடிக்கை பார், அதே 2025 மே மாதம் ஃபெடெக்ஸ் பெரிய பெட்டிகளுக்காக மட்டும் அமேசானிடம் திரும்பப் போய் ஒப்பந்தம் போட்டது. தொழிலில் நிரந்தரக் கோபம் கிடையாது.

நம் நாட்டில் 2023 ஜனவரியில் அமேசான் ஹைதராபாத்தில் விமான சேவையைத் தொடங்கியது. பெங்களூரைச் சேர்ந்த க்விக்ஜெட் கம்பெனி ஓட்ட, போயிங் 737 சரக்கு விமானம் ஹைதராபாத், பெங்களூரு, டெல்லி, மும்பை என்று சுற்றும் ஏற்பாடு. அந்த முதல் பட்டியலில் சென்னை இல்லை. எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. ராத்திரி பெங்களூரில் லாரி ஏற்றினால் காலையில் சென்னை. இதற்கு எதற்கு விமானம்? இங்கே உள்நாட்டு விமானச் சரக்கில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில்தான் போகிறது. தனிச் சரக்கு விமானம் வைத்து நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் சரக்குக் கம்பெனி டெக்கான் 360 சாட்சி. 2009இல் அதே நாக்பூரை நடுவாக வைத்து ஆரம்பித்தார், இரண்டு வருடத்தில் மூட வேண்டி வந்தது.

சரி, எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்கிறேன். என் தங்கை மகள் குரோம்பேட்டையில் வீட்டிலிருந்தே காட்டன் புடவை விற்கிறாள், உனக்குத் தெரியும். பாதி ஆர்டர் ஒரு பெரிய ஆன்லைன் தளம் வழியாக, பாதி வாட்ஸப்பில். தளத்தின் ஆர்டரை அவர்கள் ஆளே வந்து எடுத்துப்போகிறான். கட்டணம் அரைக் கிலோவுக்கு ஒரு படி. புடவை, அட்டைப் பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்து 520 கிராம் வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போய்விடும். சமையல் தராசை மேசையில் வைத்துக்கொண்டு பெட்டியின் மடிப்பை வெட்டி வெட்டி எடை குறைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படியை உயர்த்தினால் அவள் யாரிடம் போய்க் கேட்பது? விற்கும் இடமும் அவர்களுடையது, சுமக்கும் வண்டியும் அவர்களுடையது. எந்த நிறப் புடவை எந்தப் பின்கோடுக்கு எத்தனை போகிறது என்பது அவளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் தளங்கள் சொந்தச் சரக்கை வைத்து விற்கக்கூடாது என்று நம் அரசு விதி வைத்திருப்பதால், அங்கே விற்கிறவர்கள் வெளி வியாபாரிகள்தான், இவளைப் போன்ற சின்ன ஆட்களும் அதில் நிறைய. அவர்களுக்கு, கடை எதையும் நடத்தாத, காசு கொடுத்தால் யார் பெட்டியையும் ஒரே மாதிரி சுமக்கிற ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். வாட்ஸப் ஆர்டர்களை அவள் தெருமுனை கூரியரில் போடுகிறாளே, அந்தக் கதவு திறந்திருக்கிற வரைக்கும்தான் அவளுக்குப் பேரம் பேச இடம் உண்டு. அதனால் கூரியர்காரர்கள் இந்தப் போட்டியில் நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர்கள் நிற்கவும் வழி இருக்கிறது. மருந்து, ரத்த மாதிரி, பாஸ்போர்ட், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு அவசரமாக வேண்டிய உதிரி பாகம் என்று நேரம் தவறக்கூடாத சரக்கு நிறைய இருக்கிறது. தலையணைக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

கார்த்திக் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைன் கடையில் சம்பளம் கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் முதல் வேலையைக் கூரியர் விமானப் பிரிவில் ஆரம்பிக்கட்டும் என்பேன். அங்கே நூறு விதமான சரக்கு கையில் படும். ஏர்வே பில் என்கிற விமானச் சரக்குச் சீட்டு, ஆபத்தான பொருள் விதிகள், எடையை விமானத்தில் எப்படிப் பரப்புவது எல்லாம் பழகும். அது தெரிந்தவனைக் கடைக்காரரும் பிறகு கூப்பிட்டு வேலை கொடுப்பார். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு, ராத்திரி ஷிப்ட் நிச்சயம். தூக்கம் கெடும், முதல் சில மாதம் உடம்பு படுத்தும். உன் வீட்டில் அம்மாவும் மகனும் அதைப் பேசி முடிவு செய்யட்டும்.

சேருவதற்கு முன் ஒரு நாள் இங்கே அனுப்பு. கார்கோ காம்ப்ளெக்ஸில் இன்னும் வேலையில் இருக்கும் பழைய சிநேகிதர்களோடு பேச வைக்கிறேன். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கி அலைய வேண்டியிருக்கும். ரயிலில் தாம்பரம் வரச் சொல், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். எந்த வண்டி என்று மட்டும் முந்தின நாளே போன் பண்ணு.

அன்புடன்,
கணேசன்