இறந்துபோன நடிகர்கள விட்டுடுங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

ஹாலிவுட் சீக்வல்கள பத்தி போன வாரம் உங்க சினிமா பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன். பழைய படத்தோட பேர வச்சே காசு பாக்குறாங்கனு எழுதியிருந்தீங்க. எனக்கு அதுல பெரிய வருத்தமில்ல, சின்ன வயசுல புடிச்ச கேரக்டர் இருபது வருஷம் கழிச்சு திரும்ப வருதுனா முதல் நாளே டிக்கெட் போடுற ஆளு தான் நானும். ஆனா இறந்துபோனவங்க மூஞ்சிய கம்ப்யூட்டர்ல செஞ்சு புதுப்படத்துல நடமாட விடுறாங்களே, அத பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

2016ல ரோக் ஒன்னு ஒரு ஸ்டார் வார்ஸ் படம் பாத்தேன். கண்ணாடில ஒரு முகம் நிழலா தெரியும், அப்புறம் அந்த ஆள் திரும்புவார், பாத்தா பீட்டர் குஷிங்! 1977ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ்ல டார்கின்ங்கிற வில்லனா வந்தவர், 1994லயே இறந்துட்டார். தியேட்டர்ல பின்னாடி சீட்டுல கை தட்டுனாங்க, எனக்கு வயித்த என்னமோ பண்ணுச்சு. கன்னத்துல குழி, நெத்தி சுருக்கம் எல்லாம் சரியா இருக்கு, வாயும் அசையுது, கண்ணுல மட்டும் யாருமே இல்ல. நிஜமா அங்க நின்னு நடிச்சது கய் ஹென்றினு ஒரு பிரிட்டிஷ் நடிகர், அவர் முகத்து மேல தான் இத போட்டு மூடியிருக்காங்க. இறந்தவர் நடிக்கவும் இல்ல, நடிச்சவர் முகம் வெளிய தெரியவும் இல்ல, இது ரெண்டு பேருக்குமே செய்யுற அநியாயம் இல்லையா?

அப்புறம் இது பழக்கமாவே ஆகிடுச்சு. 2014ல இறந்த ஹெரால்ட் ரேமிஸ 2021 கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்துல ஆவியா கொண்டு வந்தாங்க. 2020ல இறந்த இயன் ஹோம் முகத்த 2024ல ஏலியன் ரோமுலஸ்ல பாதி உடஞ்ச ரோபோவுக்கு வச்சாங்க. குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டு தான் செஞ்சோம்னு சொல்றாங்க, கேட்டிருப்பாங்க, சரி. ஆனா கதைய கேட்டுட்டு இது எனக்கு வேணாம்னு சொல்றதும் ஒரு நடிகனோட தொழில் தானே, அத அவருக்கு பதிலா பொண்டாட்டி புள்ளைங்க எப்படி சொல்ல முடியும்?

இதுக்கு நேர் எதிரா டாப் கன் மேவரிக் இருக்கு. 1986ல வந்த படத்துக்கு 2022ல சீக்வல், அதுவும் பழைய நினைப்ப வச்சு எடுத்தது தான். முதல் படத்துல டாம் க்ரூஸோட நடிச்ச வால் கில்மருக்கு தொண்டை கேன்சர் வந்து குரலே போயிருந்துச்சு, கதையிலயும் அவர் கேரக்டருக்கு நோய்னு வச்சிட்டாங்க. கழுத்துல துணிய சுத்திக்கிட்டு உக்காந்து, சொல்ல வேண்டியத கம்ப்யூட்டர்ல டைப் பண்ணுவார், டாம் க்ரூஸ் அத படிச்சு பதில் சொல்வார், அப்புறம் மெதுவா எழுந்து நாலு வார்த்தை அந்த கரகர குரல்லயே பேசுவார். ரெண்டு பேரும் கட்டிப்புடிக்கிறப்ப நான் அழுதுட்டேன். 2025 ஏப்ரல்ல அவர் இறந்தப்ப முதல்ல ஞாபகம் வந்ததே அந்த சீன் தான், ஏன்னா அங்க உக்காந்திருந்தது அவரே தான்.

நம்ம ஊருக்கும் இது வந்தாச்சு. 2024ல லால் சலாம் படத்துல, இறந்துபோன பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல ஏஐ வச்சு பாட வச்சாங்க, குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி பணமும் குடுத்ததா ரஹ்மான் சொன்னார். ஷாகுல் ஹமீது குரல கேட்டதும் எனக்கும் சிலிர்த்துடுச்சு, அதனால தான் பயமாவும் இருக்கு. எங்கப்பா போய் ஆறு வருஷமாச்சு, மார்க்கெட்ல நின்னுக்கிட்டு முருங்கைக்காய் எத்தன வேணும்னு கேட்டு அவர் அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு. அந்த குரல வச்சு யாராவது வேற ஏதாவது பேச வச்சாங்கனா, எவ்ளோ அச்சு அசலா இருந்தாலும் அது எங்கப்பா சொன்னது இல்ல.

2023ல ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் ஸ்ட்ரைக் பண்ணதுக்கு இந்த டிஜிட்டல் நகல் பிரச்சனையும் ஒரு காரணம். இங்க நாம இத பத்தி இன்னும் பெருசா பேசல. உங்க விமர்சகர்கள் கிட்ட நான் கேக்குறது ஒண்ணு தான், இந்த மாதிரி படம் வந்தா சூப்பர் சர்ப்ரைஸ்னு எழுதாம, இது இறந்தவரோட முகம், உள்ள நடிச்சது இன்னாருனு அந்த நடிகர் பேரையும் முதல் பாராவுலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி