பத்துக்கு எட்டு என்றால் குறையா?

ஐயா,

போன தை மாதம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஆப்கர் 8, 9' என்று எழுதியிருந்தது. "பத்துக்கு எட்டா? பிள்ளைக்கு என்ன குறை?" என்று சம்பந்தியம்மா கலங்கிவிட்டார். பிறந்தவுடன் பிள்ளையின் உள்ளங்கையும் பாதமும் நீலம் பாரித்திருந்ததை வேறு பார்த்திருக்கிறார். கோத்தகிரிக் குளிர்தான் காரணம் என்று எங்கள்மேல் வருத்தம். விளக்கிச் சொல்ல அங்கே ஆளில்லை. நர்சம்மாவுக்கு அடுத்த பிரசவம் காத்திருந்தது, பாவம்.

அப்புறம் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் சொன்னார். பிறந்த பிள்ளையின் உடல்நிலைக்குப் போடும் மார்க்தான் ஆப்கர். இதயத்துடிப்பு, மூச்சு, கைகால் அசைவு, சீண்டினால் சிணுங்குகிறதா, தோலின் நிறம் என ஐந்தும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 2 வரை போடுவார்களாம். பிறந்த முதல் நிமிடம் ஒருமுறை, ஐந்தாம் நிமிடம் ஒருமுறை. 7 முதல் 10 வரை இருந்தால் நல்ல நிலை. கைகால் நீலம் முதலில் சகஜம், அதனால் முதல் நிமிடத்தில் முழுப் பத்து அபூர்வம். உதடும் நாக்கும் நீலமானால்தான் விஷயம் வேறு. 1952-இல் வர்ஜீனியா ஆப்கர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வகுத்த முறை இது. அறிவுக்குப் போடும் மார்க் அல்ல.

அந்தச் சீட்டிலேயே இதைத் தமிழில் இரண்டு வரி அச்சிட்டால் என்ன?

- ஒரு தாத்தா, கோத்தகிரி