கூரையில்லாத கார்: பெரம்பூர் அப்பாவுக்கு ஒரு விளக்கம்

கிளீவ்லாந்து, ஒஹையோ
ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும், தம்பி வீட்டிலும் அனைவரும் நலமென்று நம்புகிறேன். கார் வாங்கிய சேதியைப் போனில் சொன்னதும், "கூரையே இல்லாத வண்டிக்கா காசு கொடுத்தாய்?" என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் தந்துவிட்டீர்கள். அம்மாவோ தலையில் வெயில் படுமே என்று கவலைப்பட்டார். இரண்டு பேருக்கும் போனில் விளக்கி முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் வண்டியைச் சொல்கிறேன். ஜியோ மெட்ரோ என்று பெயர். 1992ஆம் வருடத்து மாடல். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கடையில் விற்றாலும் செய்தது சுசுகிதான். நம் எதிர்வீட்டு மாமா 1990களில் மாருதி 1000 வைத்திருந்தாரே, ஞாயிறுதோறும் தெருவையே அடைத்துக்கொண்டு கழுவுவாரே, அதற்கு இது சித்தப்பா மகன் முறை. இரண்டும் சுசுகி கல்டஸ் என்ற ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை. மாமாவின் வண்டிக்கு நான்கு கதவும் டிக்கியும் உண்டு. இதற்கு இரண்டு கதவு, இரண்டே இருக்கை, மேலே மடித்து வைக்கும் துணிக்கூரை. ஆக, கூரை இருக்கிறது அப்பா! மழை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, கையாலேயே இழுத்து மாட்டிக்கொள்ளலாம். மோட்டார் கிடையாது, அதனால் அது கெட்டுப்போகும் என்ற பயமும் கிடையாது.

எஞ்சின் 993 சிசி, மூன்று சிலிண்டர், 55 குதிரைத்திறன். தம்பி முதலில் வைத்திருந்த ஜென்னும் 993 சிசிதான், ஆனால் அதற்கு நான்கு சிலிண்டர். இதில் ஒன்று குறைவதால் சிக்னலில் நிற்கும்போது லேசாக உதறும். முதல் நாள் உங்கள் மாப்பிள்ளை ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்தார். மொத்த எடையே 800 கிலோ அளவில்தான். அதனால் பெட்ரோல் குடிப்பது மிகவும் குறைவு. ஒரு கேலனுக்கு 40 மைல் கொடுக்கிறது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது கடந்த வண்டிக்கு இது போதாதா? மருத்துவமனைக்கு நான் ஒருத்தி போய்வர, வீட்டில் இருக்கும் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போவது எனக்கு எப்போதும் உறுத்தல்தான். நீங்கள் அயனாவரம் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கடைசி நாள் வரை சைக்கிளில் வேலைக்குப் போனவர். அந்த ரத்தம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூரை இல்லாவிட்டால் வண்டி எப்படி நிற்கும்? உங்களைத் தவிர வேறு யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் நிறத்தைத்தான் கேட்கிறார்கள்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டியில் கூரையும் பக்கச் சுவரும் தரையும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன, ஒன்றை வெட்டினால் மற்றதற்கு வலிக்கும் என்று சின்ன வயதில் நீங்கள் தீப்பெட்டியை வைத்துக் காட்டினீர்கள். மேல் அட்டையைக் கிழித்ததும் பெட்டி முறுக்கிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. சாதாரணக் காரும் அப்படித்தான். கூரையை எடுத்துவிட்டால் அது தாங்கிய பாரம் முழுவதும் தரைக்கும், கதவுக்கடியில் முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடுகிற தகட்டுப் பெட்டிகளுக்கும் இறங்கிவிடுகிறது. அதனால் கூரை திறக்கும் காருக்குக் கம்பெனியிலேயே கீழ்ப்பகுதியில் கூடுதல் தகடு கொடுத்து உரமேற்றுவார்கள். அப்படிப்பட்ட வண்டியில் அந்தக் கீழ்ப்பெட்டி துருப்பிடித்துவிட்டால், மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தும் பயனில்லை. மூடிய கார் அதே துருவோடு இன்னும் சில வருடம் ஓடும். திறந்த கார் நடுவில் தொய்ந்துவிடும்.

இந்த ஊரில் துருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நவம்பர் முதல் பனி விழுந்தால் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், பனி உருகுவதற்காக. உப்புக்குப் பஞ்சமே இல்லை. ஈரி ஏரிக்கு அடியில் சுமார் 1,800 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது. ஊருக்குப் பக்கத்திலேயே தோண்டி எடுக்கிறார்கள். சால்ட் கோட்டர்ஸ் யார்டில் ஒரு காலத்தில் வந்து இறங்கிய உப்பு மூட்டைகளைப் பற்றி உங்கள் அப்பா சொல்வாராமே, அதெல்லாம் இதற்கு முன்னால் ஒரு கைப்பிடி. காசிமேட்டில் கடல் காற்று பட்டு சைக்கிள் ரிம் பொரிந்து போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே காற்று கூட வேண்டாம், சாலையே உப்பு.

அதனால் நான் கார் பார்க்கப் போனபோது எஞ்சினைக் கடைசியில்தான் பார்த்தேன். நீங்கள் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ரயில் பெட்டியின் கழிவறைக்கு அடியில் தரைத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்த கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் காது வந்துவிட்டது. நல்ல இரும்பு கணீரென்று பேசும், உளுத்தது 'தப்' என்று சொல்லும். ரப்பர் சுத்தியல், டார்ச், தரையில் விரிக்க ஒரு பழைய போர்வை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனேன். விற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாஸ்டா மியாட்டாவும் பார்த்தேன். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி உலகம் முழுவதும் பெயர் வாங்கிய வண்டி. ஓட்டினால் மனம் குளிரத்தான் செய்கிறது. ஆனால் அதன் துணிக்கூரையில் விழும் மழைநீர் வடிவதற்கு இரண்டு சின்னத் துவாரங்கள் உண்டு. சருகு போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தகட்டை உள்ளிருந்து தின்றுவிடுகிறது. நான் பார்த்ததில் வெளியே பளிச்சென்று பட்டி பூசி பெயிண்ட் அடித்திருந்தார்கள். தட்டினேன். 'தப்'. பெட்ரோலும் மெட்ரோவைவிட அதிகம் கேட்கும். வந்துவிட்டேன்.

இந்த மெட்ரோவை வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பனிக்காலத்தில் வண்டியை வெளியே எடுத்ததே இல்லை என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அடியில் படுத்துப் பார்த்ததும் நம்பினேன். இன்னொரு சோதனையும் உண்டு. ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து மூட வேண்டும். உடம்பு தளர்ந்த வண்டியில் கதவு இடிக்கும், சந்து கோணலாகும். இதில் கதவு முன்பு போலவே மூடியது. ஓட்டுநர் பக்கத்தில் மட்டும், பின்சக்கரத்தை ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மென்மையாகிவிட்டது. அதை மறைக்காமல் அவரே காட்டினார். அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்தும் கொண்டார்.

எஞ்சினுக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். இந்த மூன்று சிலிண்டர் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோவது தெரிந்த வியாதி என்றார். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தார். மூன்றும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. டைமிங் பெல்ட்டை மட்டும் மாற்றிவிடச் சொன்னார், மாற்றியாயிற்று. வண்டியின் அடையாள எண்ணில் முதல் எழுத்து 'ஜே'. அதாவது ஜப்பானில் செய்தது. மூடிய மெட்ரோக்களில் நிறைய, கனடாவில் இங்கர்சால் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸும் சுசுகியும் கூட்டாக நடத்திய தொழிற்சாலையில் தயாரானவை.

விலை 3,200 டாலர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம். அம்மாவிடம் டாலரிலேயே சொல்லுங்கள். எங்கள் கவுண்டியில் 8 சதவீத விற்பனை வரி. அது 256 டாலர். உரிமைப் பத்திரத்தில் விற்பவர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நீதிமன்ற எழுத்தரின் அலுவலகத்தில் கொடுத்தால் என் பெயரில் புதுப் பத்திரம். தரகர் இல்லை, மரத்தடியில் படிவம் நிரப்பித் தருகிறவரும் இல்லை. கிளீவ்லாந்துப் பகுதியில் புகைச் சோதனை உண்டு. 25 வருடம் கடந்த வண்டிகளுக்கு விலக்கு. பழசு என்றால் இங்கே கொஞ்சம் மரியாதைதான்.

மாப்பிள்ளைக்கு ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது. இன்றைய கார்களில் சுற்றிலும் காற்றுப்பை. இதில் ஓட்டுநருக்கு முன்னால் மட்டும் ஒன்று. நெடுஞ்சாலையில் பெரிய லாரிக்குப் பக்கத்தில் போனால் அதன் சக்கரம் என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. ஆகையால் ஐ-90 நெடுஞ்சாலைப் பக்கம் நான் இந்த வண்டியோடு போவதில்லை. லேக்வுட்டிலிருந்து ஏரியை ஒட்டிய சாலையிலேயே போய் வருகிறேன். பார்மாவில் இருக்கும் சிவா விஷ்ணு கோவிலுக்கும் ஊருக்குள்ளேயே வழி உண்டு. அங்கே வாசலில் இதைச் சுற்றிக் குழந்தைகள் கூடிவிடுகிறார்கள். ஏப்ரலில் தியாகராஜ ஆராதனைக்குச் சென்னையிலிருந்து வித்வான்கள் எல்லாம் வந்து இறங்குகிற ஊர் இது. பெரம்பூர்க் கானாவுக்கு மட்டும் ஏன் இன்னும் ஒரு விழா நடத்தவில்லை என்று கோவிலில் ஒரு மயிலாப்பூர்க்காரரிடம் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அம்மாவின் வெயில் கவலைக்கு: இது நம் ஊர் வெயில் இல்லை. ஆறு மாதம் சாம்பல் நிற வானத்துக்கு அடியில், இரவுப் பணி முடிந்து இருட்டிலேயே வீட்டுக்குள் நுழைகிறவளுக்கு, ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதைத் தலையில் வாங்கிக்கொள்ளத்தான் தோன்றும். நம் ஊரில் இந்த வண்டி ஒரு நாள் தாங்காது. காலையில் காகம், மதியம் வெயில், மாலையில் மூலக்கடை தூசி, ஐப்பசியில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீர். அங்கே நானே வாங்கமாட்டேன். நவம்பரில் உப்பு விழத் தொடங்கியதும் இதைக் கொட்டகையில் ஏற்றிவிடுவேன். குளிரில் பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியை மடித்தால் விரிசல் விட்டுவிடுமாம். அதனால் கூரையை விரித்தபடியே நிறுத்தி வைக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. அந்த உள்ளங்கை அளவு இடத்தைப் பற்றிச் சொன்னேனே, அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். இங்கே ஒருவர் துருவின் மேலேயே தகட்டை ஒட்டித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டுத்தான் வைப்பேன் என்கிறார், கூலி இரட்டிப்பு. எனக்கு இரண்டாமவர்தான் சரி என்று படுகிறது. ஆனால் வெட்டும்போது வண்டி தொய்யாமல் இருக்க, கதவு நிலையில் குறுக்கே கம்பி கொடுத்து முட்டு வைக்க வேண்டுமா? பெட்டியின் பக்கச்சுவரை வெட்டும்போது நீங்கள் எங்கே முட்டுக் கொடுப்பீர்கள்? ஒரு தாளில் படம் வரைந்து தம்பியிடம் கொடுங்கள், போட்டோ எடுத்து அனுப்புவான். தகட்டின் உள்பக்கம் என்ன பூசுவது என்றும் எழுதுங்கள். ஜூலை மாதக் கடைசியில் வேலைக்கு விடுவதாக இருக்கிறேன்.

அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைக்கும் வீட்டு மாடித் தளத்தின் ஒழுகலுக்கும் சேர்த்துப் பணம் அனுப்பியிருக்கிறேன். மாடியை மழைக்கு முன்பே பாருங்கள். என் கூரையைப் பற்றிக் கேட்ட நீங்கள், உங்கள் கூரையை நான்கு வருடமாகத் தள்ளிப்போடுகிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்