உப்புக்காற்றும் சர்க்யூட் போர்டும்

ஆசிரியருக்கு,

பாம்பன், மண்டபம் பக்கம் படகுகளில் மாட்டியிருக்கும் ஜி.பி.எஸ்., வயர்லெஸ் கருவிகள் உப்புக்காற்றில் சீக்கிரமே படுத்துவிடுகின்றன. மூடியைத் திறந்தால் உள்ளே சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கும். "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்பார் கடைக்காரர். பழையது காயலான் கடைக்குப் போகும். அங்கே செம்புக்காக எரித்தால் புகை ஊருக்கு.

சர்க்யூட் போர்டு என்பது கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்தது. ஒருமுறை இறுகிவிட்டால் உருகாது. மறுசுழற்சிக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வழக்கமான எபாக்சிக்குப் பதில் விட்ரிமர் என்ற பிளாஸ்டிக் வகைப் பாலிமரில் போர்டு செய்து காட்டினார்கள். கரைப்பானில் போட்டால் அது ஊறி உப்பி, கண்ணாடி இழையும் மற்ற பாகங்களும் பெரிய சேதமில்லாமல் பிரிகின்றன. பாலிமரில் 98 சதவீதம் திரும்பக் கிடைத்ததாம்.

சரி, நம் கடற்காற்றுக்கு அது தாங்குமா? நம் பொறியியல் கல்லூரிகள் இப்படிப்பட்ட போர்டுகளைப் பாம்பன் கரையில் ஒரு வருடம் வைத்துச் சோதிக்கலாமே. அப்புறம், 2022 மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. மீன் இறங்குதளங்களில் அவர்கள் செலவில் ஒரு சேகரிப்புப் பெட்டியாவது வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், தங்கச்சிமடம்