நுண்ணறிவுச் சோதனை குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். ஒருவர் கைப்பேசியைத் திறந்து, ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்கு இணையத்தில் பத்து நிமிட நுண்ணறிவுச் சோதனை ஒன்று வழங்கிய சான்றிதழைக் காட்டினார். 142 என்று பொன்னிறத்தில் மின்னியது. இன்னொருவர், அடுத்த ஆண்டு பிரிவு பிரிக்கும்போது ஐ.க்யூ. என்னும் நுண்ணறிவு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் ஓர் உறையை மேசைமேல் வைத்தார். உள்ளே உளவியலாளர் தந்த அறிக்கை. முதல் பக்கத்தில் 84. அதற்கு மேல் அவர் புரட்டவே இல்லை என்பது தாள்களைப் பார்த்தாலே தெரிந்தது.

மூவரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதே கேள்விகள் உங்களில் பலருக்கும் இருக்கும்.

பிரிவு பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. இந்தப் பள்ளி எந்தக் குழந்தைக்கும் நுண்ணறிவுச் சோதனை நடத்துவதில்லை. அதற்குரிய பயிற்சி ஆசிரியர்களுக்கு இல்லை. வெளியில் எடுத்த மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு பிரிக்கவும் மாட்டோம். நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை அது நடக்காது.

மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1904-இல் பிரான்ஸ் அரசு ஒரு குழுவை அமைத்தது. வழக்கமான வகுப்பில் தடுமாறும் குழந்தைகளைச் சரியாகக் கண்டறிந்து அவர்களுக்கேற்ற கல்வியைத் தருவது எப்படி என்பதே அதன் முன் இருந்த கேள்வி. ஆசிரியரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால் வகுப்பில் வால்தனம் செய்கிறவனும் மந்தன் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுவான். (எங்கள் தொழிலின் குறை இன்று நேற்று வந்ததல்ல.) அந்தக் குழுவில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினேயும் அவரோடு பணியாற்றிய தியோடோர் சிமோனும் 1905-இல் 30 பணிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வதில் தொடங்கி, சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்வது என்று படிப்படியாகக் கடினமாகும். யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்கச் செய்த கருவி அது. நுண்ணறிவு பிறவியிலேயே முடிவாகிவிட்ட ஓர் அளவு, அதைக் கூட்டவே முடியாது என்று பேசியவர்களை 1909-இல் பினே கடுமையாகக் கண்டித்தார். 1911-இல் அவர் இறந்துவிட்டார். மன வயதை, அதாவது எந்த வயதினருக்குரிய பணிகளைப் பிள்ளை செய்கிறதோ அந்த வயதை, உண்மை வயதால் வகுக்கலாம் என்று ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஷ்டெர்ன் சொன்னது 1912-இல். அதை 100-ஆல் பெருக்கி அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் பரப்பியது 1916-இல். இன்று நாம் பெருமைப்படவும் கலங்கவும் செய்கிற அந்த எண்ணைப் பினே பார்க்கவே இல்லை.

அந்த வகுத்தல் கணக்கும் நெடுநாள் நிற்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை எட்டு வயதுக்குரியதைச் செய்தால் 133 என்பது கேட்க நன்றாக இருக்கும். நாற்பது வயதுக்காரர் அறுபது வயதுக்குரியதைச் செய்தால்? அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வேறு வழி கண்டார்: ஒவ்வொருவரையும் அவரவர் வயதினரோடு ஒப்பிடுவது. சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானோர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். 130-ஐத் தாண்டுவோர் நூற்றுக்கு இருவர் அளவில்தான். நல்ல சோதனையிலும் ஐந்தாறு புள்ளிகள் மேலே கீழே போகும். ஆகவே 104 எடுத்த பிள்ளைக்கும் 109 எடுத்த பிள்ளைக்கும் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. இளம் வயதில் எடுத்த எண் பின்னால் இன்னும் அதிகமாக மாறக்கூடியது. ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கிடையே பதினொரு மாத வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் அது வாழ்நாளின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. முறையான சோதனை இதைக் கவனத்தில் கொண்டு சில மாத இடைவெளிகளில் தனித்தனி ஒப்பீட்டு அட்டவணை வைத்திருக்கிறது. பத்து நிமிடச் சான்றிதழ் யாரோடு யாரை ஒப்பிட்டது என்று அந்தத் தந்தைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவருடைய மகள் கூடவே வந்திருந்தாள். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். சமம்தான் என்று குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டாள். அவள் கண்முன்னேயே ஒன்றை ஒல்லியான உயரமான பாட்டிலுக்கு மாற்றினேன். "இப்போது எதில் அதிகம்?" என்றேன். "பாட்டிலில்." "ஏன்?" "இவ்வளவு மேலே வந்திருக்கிறதே!" தந்தையின் முகம் மாறியது, திருத்துவதற்கு வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அவளிடம் எந்தக் குறையும் இல்லை. சிமோனின் அழைப்பில் 1920-ஐ ஒட்டிப் பாரிசில் சோதனைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளைஞர், பின்னாளில் குழந்தை உளவியலில் புகழ்பெற்ற ஜான் பியாஜேக்குப் பிள்ளைகளின் சரியான விடைகளைவிடத் தவறான விடைகள்தான் சுவையாகப்பட்டன. ஒரே வயதினர் ஒரே விதமாகத் தவறினார்கள். அந்தத் தவறுக்குள் ஒரு தர்க்கம் இருந்தது. ஐந்து, ஆறு வயதில் பிள்ளைகள் உயரத்தைப் பார்த்தால் அகலத்தை விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் திறன் வருகிறது. சிலருக்கு முன்னதாக, சிலருக்குத் தாமதமாக. வந்தபின், "அதே தண்ணீர்தானே, நீங்கள் மாற்றித்தானே ஊற்றினீர்கள்?" என்று நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். விடையைச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தால் விடை வரும், அந்தச் சிரிப்பு வராது. வீட்டில் நீங்களும் ஊற்றிப் பாருங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாமல், "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள்.

இனி அந்த 84. அறிக்கையை அந்தப் பெற்றோருடன் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். மொத்த எண்ணுக்கு அடியில் தனித்தனி எண்கள் இருந்தன. சொற்களைக் கொண்டு யோசிப்பதில் 106. பார்த்து விரைவாகக் குறிக்கும் வேலையில் 72. இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது மொத்த எண்ணுக்கு அதிகப் பொருள் இல்லை என்று உளவியலாளரே எழுதியிருந்தார். நான்காம் பக்கத்தில் ஒரு வரி: "ஒவ்வொரு கோட்டையும் அழித்து அழித்து மீண்டும் போடுகிறான்." அந்த ஒரு வரி எனக்கு உறைத்தது. கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கவில்லை என்று அந்தப் பையனின் இடைவேளையைப் பல நாள் பறித்திருக்கிறோம். பேசச் சொன்னால் கதை கதையாகச் சொல்பவன் அவன். இப்போது அவனுக்குப் பார்த்து எழுதும் வேலையைப் பாதியாகக் குறைத்து, தேர்வில் கூடுதல் நேரம் தருகிறோம். 84-ஐ மட்டும் பார்த்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

எப்போது சோதனைக்குப் போகலாம்? போதிய உதவி கொடுத்தும் எழுத்தோ எண்ணோ பிடிபடாதபோது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே பெரிய பள்ளம் தெரியும்போது. நன்றாக வந்துகொண்டிருந்த திறன் பின்வாங்கும்போது. கடைசியாகச் சொன்னதற்கு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், தாமதிக்காதீர்கள். எப்படியிருந்தாலும் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிட்டுப் போங்கள். கேள்வி சரியாகக் காதில் விழாத பிள்ளையின் மதிப்பெண் அறிவைப் பற்றி எதுவும் சொல்லாது. வீட்டில் பேசும் மொழியில் சோதனை நடக்குமா, அட்டவணைகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்றும் கேளுங்கள். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் மதிப்பெண்கள் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் ஏறியதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக்காட்டினார். பழைய அட்டவணையில் பார்த்தால் எண் வீங்கித் தெரியும்.

கேள்விகளை எங்கிருந்தாவது வாங்கி முன்கூட்டிப் பயிற்சி கொடுக்காதீர்கள். காய்ச்சல் பார்க்கும் கருவியை வெந்நீரில் முக்கி எடுத்துவிட்டுக் காட்டுவதைப் போன்றது அது. முந்தின இரவு தூங்க வைத்து, "சில புதிர்கள் தருவார்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்" என்றால் போதும். எண் எதுவானாலும் உறவினர் முன்னால் சொல்ல வேண்டாம். குழந்தை கதவுக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

படிப்பால் இந்த எண் மாறுமா என்று கேட்பவர்களுக்கு: 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 1 முதல் 5 புள்ளிகள் கூடுவதாகச் சொல்கிறது. பள்ளி நடத்துகிறவன் என்ற முறையில் இதைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்கவில்லை.

சோவியத் உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1930-களில் சொன்ன ஓர் எடுத்துக்காட்டை எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் அடிக்கடி பேசுவோம். தனியாக விட்டால் இரண்டு பிள்ளைகளும் எட்டு வயது அளவுக்குத்தான் செய்கிறார்கள். சிறு குறிப்பு கொடுத்தால் ஒருவன் ஒன்பது வயதுக் கணக்குவரை போகிறான், மற்றவன் பன்னிரண்டு வரை. இந்தப் பருவத்திலிருந்து வகுப்பாசிரியர்கள் உங்கள் பிள்ளை எதைத் தனியாகச் செய்கிறான், எதை எந்த உதவியோடு செய்கிறான் என்று இரண்டு பத்திகளில் குறித்து வைப்பார்கள். கேட்டால் காட்டுவார்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணிவரை என் அறையில் இருப்பேன். உளவியலாளரின் அறிக்கை வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். எல்லாப் பக்கங்களும் வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்