முழங்கை அறுவை சிகிச்சை வேகத்தைக் கூட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகனுக்கு 16 வயது, படிவம் நான்கு படிக்கிறான். கோலாலம்பூரில் ஒரு கிளப்பில் பேஸ்பால் பிட்ச்சர், அதாவது அணிக்காகப் பந்து வீசுகிறவன். நம் பிள்ளைகளில் பேஸ்பால் ஆடுபவர்கள் மிகக் குறைவு, பள்ளிகளில் சாப்ட்பால்தான் அதிகம். இவன் நன்றாக வீசுகிறான் என்று தெரிந்ததும் எல்லா ஆட்டத்திலும் இவனையே இறக்கினார்கள். சனிக்கிழமை ஓர் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று, நடுவில் பயிற்சி வேறு. இப்போது முழங்கையின் உட்பக்கத் தசைநாரில் பாதிக் கிழிசல் இருப்பதாக எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டுகிறது. செய்தி கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் ஆறுதலாகச் சொல்வது என்ன தெரியுமா? "அமெரிக்காவில் எல்லாரும் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள், அதற்கப்புறம் முன்னைவிட வேகமாக வீசுவான் பாருங்கள்." இதைக் கேட்டுக் கேட்டு, ஓய்வும் பிசியோவும் போதுமா என்று முதலில் பார்ப்போம் என்று டாக்டர் சொன்ன பிறகும், "சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுங்க மாமா" என்கிறான் பையன். நல்லெண்ணத்தில் சொன்னாலும் இது தவறான பேச்சு. அதனால்தான் எழுதுகிறேன்.

மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் முழங்கையின் உட்பக்கத்தில் சேர்த்துப் பிடித்திருப்பது இந்தத் தசைநார். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் முழு வேகத்தில் வீசும் ஒவ்வொரு முறையும் பெரிய இழுவை இதன்மேல்தான் விழுகிறது. ஒரே வீச்சில் அறுந்தது போலத் தோன்றினாலும் பெரும்பாலும் அது பழைய கயிறு இழை இழையாக விட்டுப்போவது போல நாள்பட நடப்பதுதான். ஈட்டி எறிபவர்களுக்கும் இதே காயம் வரும்.

1974 வரை, இது கிழிந்த பிட்ச்சரின் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வீரர் டாமி ஜானுக்கு டாக்டர் பிராங்க் ஜோப், வேறு இடத்திலிருந்து எடுத்த தசைநாணை முழங்கை எலும்புகளில் துளை போட்டுக் கோர்த்துப் புதிய தசைநார் அமைத்தார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் டாக்டரே நினைத்தார். 1975 முழுவதும் ஆடாத ஜான் 1976இல் திரும்பி வந்து, 1989 வரை வீசி, தன் 288 வெற்றிகளில் 164ஐ அறுவை சிகிச்சைக்குப் பிறகே பெற்றார். சிகிச்சைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்துதான் நாணை எடுப்பார்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் துருத்திக்கொண்டு தெரியுமே, அதுதான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அவர்களுக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள்.

ஆக நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. அமெரிக்காவின் பெரிய லீக்கில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பிட்ச்சர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதே தரத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஜஸ்டின் வெர்லாண்டர் 37 வயதில் செய்துகொண்டு, 2022இல் தன் லீக்கின் சிறந்த பிட்ச்சர் விருதையே வாங்கினார். ஆனால் எவ்வளவு காலம் ஆகிறது என்பதையும் பாருங்கள். மயாமி அணியின் யூரி பெரெஸ் 2023இல் 20 வயதில் அறிமுகமாகி எல்லாரையும் அசத்தினார், 2024 ஏப்ரலில் முழங்கை அறுவை சிகிச்சை, மறுபடி பெரிய லீக்கில் வீசியது 2025 ஜூனில். அவர்களுக்குத் தினமும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பிசியோ, பயிற்சியாளர், எல்லாம் உண்டு. சில மாதம் பந்தையே தொடக்கூடாது, பிறகு மெதுவாகக் கிட்டத்தில் எறிந்து பழகி, ஆட்டத்துக்கு வர 12 முதல் 18 மாதம். எங்கள் பையனுக்கு அதற்குள் எஸ்பிஎம் (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) கூட முடிந்துவிடும். புதிய தசைநாரும் கிழியலாம். ஜப்பானிய வீரர் ஷோஹே ஓதானிக்கு 2018இல் ஒருமுறை, 2023இல் இரண்டாவது முறை முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது.

வேகம் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? சிகிச்சை முடிந்த பையன் ஒரு வருடம் காலுக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறான், அந்த வயதில் உடம்பும் வளர்கிறது, வேகம் கூடினால் காரணம் அதுதான். அந்தப் பயிற்சியைக் கத்தி படாமலே செய்யலாமே! அன்றாட வாழ்க்கைக்கு, எழுதவோ மோட்டார் ஓட்டவோ பை தூக்கவோ, இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பழைய வேகத்தில் திரும்ப வீச விரும்புகிறவனுக்குத்தான் அது தேவை. பாதிக் கிழிசல் என்றால் சில மாத ஓய்விலும் பிசியோவிலும் தேறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அமெரிக்காவில் 2014 முதல் வயதுவாரியாக வீச்சு வரம்புகளை வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். 15, 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக்கூடாது, 76ஐ எட்டினால் 4 நாள் ஓய்வு, பிட்ச்சராக வீசியவனை அதே ஆட்டத்தில் கேட்ச்சராக (வீசும் பந்தைப் பிடிப்பவனாக) உட்காரவைக்கக் கூடாது, வருடத்தில் 4 மாதமாவது போட்டிகளில் வீசக்கூடாது. ஜப்பான் பள்ளிப் போட்டிகளிலும் 2020 முதல் ஒரு வாரத்துக்கு 500 பந்து என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. 1998இல் அங்கே டைசுகே மாட்சுசாகா என்ற பள்ளி மாணவன் ஒரே ஆட்டத்தில் 250 பந்து வீசியதை நாடே கொண்டாடியது. இளம் பிட்ச்சர்களைப் பற்றி 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் வீசியவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் ஆபத்து 5 மடங்கு, கை அசந்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு 36 மடங்கு என்று கண்டார்கள். இங்கே குளிர்காலம் கிடையாது, பன்னிரண்டு மாதமும் ஆடலாம். எங்கள் பையன் எத்தனை பந்து வீசினான் என்று கேட்டால் கிளப்பில் யாரிடமும் கணக்கு இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முழங்கை வலி என்றதும் கோடாலித் தைலம் தேய்த்து, சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோய் முறுக்கி உருவிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீசும் பிள்ளைக்கு முழங்கையின் உட்பக்கம் வலித்தால், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், திடீரென்று வேகம் குறைந்தால், அன்றோடு பந்தைக் கீழே வைக்கச் சொல்லி எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தசைநாருக்கு முன்னால் எலும்பின் வளர்ச்சித் தட்டே பாதிக்கப்படலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். வலியைச் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் மறைக்கிறார்கள், எங்கள் பையனும் அப்படித்தான் மறைத்தான்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஆட்டத்துக்கு ஆள் போட்டு ஓட்டக் கணக்கு எழுதுகிறீர்கள், அதே தாளில் ஒவ்வொரு பிட்ச்சரும் வீசிய பந்துகளையும் எழுதி, அடுத்த ஆட்டத்துக்கு முன் இரு அணிகளிடமும் காட்டுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. அடுத்த பள்ளி விடுமுறைப் போட்டிகளுக்கு முன் இந்த வயது வரம்புகளை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்