மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு, வின்ச் ரோப் வாங்குமுன்

மண்டபம்,
மே மாதம்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். ஏப்ரல் 15-லிருந்து தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வடகடல் கரை முழுக்கப் படகுகள் ஏறி நிற்கின்றன. பெயின்ட் வாடையும் மரம் சீவும் சத்தமுமாக இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

யார்டில் பாரம் இழுக்கும் புது வின்ச்சுக்கு இரும்புக் கம்பி ரோப் பார்த்து வாங்கும் வேலையை உன்னிடமே விட்டுவிட்டார்கள் என்று சொன்னாய். சந்தோஷமாக இருந்தது. கூடவே நீ அனுப்பிய வீடியோவையும் நாலைந்து தடவை பார்த்தேன். அம்மா உன் முகத்தைப் பார்த்தாள். நான் உன் காலைப் பார்த்தேன். ரோப் விறைத்து நிற்கும்போது அதைத் தாண்டி நடந்து போகிறாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய மாமா காலைச் சாய்த்து நடப்பது படகில் விழுந்ததால் என்றுதான் உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது உண்மை இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது இதே மாதிரி ஒரு தடைக்காலம். நான் வின்ச்சில், மாமா கரையில், ஏறும் படகுக்குக் கட்டை போடும் ஆளாக. அன்று காலையில் ரோப்பைத் துணியால் துடைக்கும்போது ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டு நூல் நூலாக இழுத்தது. கம்பிகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. படகுக்காரரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு படகு ஏத்திட்டு மாத்திக்கலாம்" என்றார். நானும் லீவரைத் தள்ளிவிட்டேன். இரண்டாவது படகு பாதி ஏறியபோது ரோப் கப்பிக்குப் பக்கத்தில் அறுந்தது. மாமா நின்றது கப்பியில் ரோப் மடங்கும் மூலைக்குள். அறுந்த முனை அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தது. அடித்ததை யாருமே கண்ணால் பார்க்கவில்லை, அவர் விழுந்ததைத்தான் பார்த்தோம்.

அந்த ரோப் அங்கே ஏன் அறுந்தது என்று பிறகு எனக்குப் புரிந்தது. கப்பி சின்னது. தடித்த ரோப்பைச் சின்னக் கப்பியில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால், கையால் கம்பியை ஒடிப்பது போலத்தான், உள்ளே ஒவ்வொரு இழையாக ஒடியும். அதில் சிலதுதான் வெளியே முள்ளாக நீட்டும். ரோப்பின் விட்டத்தைப் போல 18 மடங்காவது கப்பிக்கு விட்டம் வேண்டும் என்று அப்புறம் நான் வைத்துக்கொண்டேன். 16 மில்லிமீட்டர் ரோப் என்றால் கப்பி ஏறக்குறைய ஓரடி. வின்ச்சில் ரோப் சுற்றும் டிரம்முக்கும் இதே கணக்குதான். லீவுக்கு வரும்போது பாம்பன் புதுப் பாலத்தைப் போய்ப் பார். 2025 ஏப்ரலில் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. அதைத் தூக்கும் வடங்கள் கோபுர உச்சியில் எவ்வளவு பெரிய சக்கரங்களில் வளைந்து இறங்குகின்றன என்று கவனி.

சரி, இனி வாங்கும் விஷயம். இழுக்கப்போகும் சாமானின் எடையை மட்டும் வைத்து ரோப் எடுக்காதே. 15 டன் படகு, பத்துக்கு ஒன்று சரிவு என்றால் சரிவுக்கே 1.5 டன் இழுவை வேண்டும். டிராலி சக்கரம் துருப்பிடித்திருந்தால் அதற்கு மேலே. சக்கரம் முழுக்கச் சேற்றில் புதைந்துவிட்டால் முழு எடை அளவுக்கே இழுவை கேட்கும். எங்கேயாவது சிக்கிக்கொண்டாலும் வின்ச் தன் பலம் முழுவதையும் ரோப்பின் மேல்தான் போடும். அதனால் வின்ச்சின் பலத்தை எடுத்து, அதை ஐந்தால் பெருக்கி, அந்த அளவு அறுபடு பலம் உள்ள ரோப்பாகப் பார். உன் வின்ச் 3 டன் என்றாய். அப்படியானால் 15 டன் வேண்டும். நடுவில் ஓடும் திரியும் இரும்பாக உள்ள, 1770 தரமான (அது கம்பியின் பலத்தைச் சொல்லும் எண்) 16 மில்லிமீட்டர் ரோப் சுமார் 16 டன் தாங்கும். அதே வகை 12 மில்லிமீட்டர் 9 டன்னோடு சரி. விலை குறைவு என்று அதைக் கையில் திணிப்பார்கள், வாங்காதே. பலம் எழுதிய சான்றிதழ் இல்லாமல் எந்த ரோப்பையும் எடுக்காதே.

நடுத்திரி நாராக இருந்தால் ரோப் வளைவதற்கு மெத்தென்று இருக்கும். ஆனால் டிரம்மில் அடுக்கு மேல் அடுக்காக ஏறும்போது நசுங்கும். உனக்கு இரும்பு நடுத்திரிதான் சரி. அதைச் சுற்றி ஆறு புரி, அதாவது முறுக்கிய கம்பிக் கற்றை, இருக்கும். புரிக்கு 19 கம்பி உள்ளது மணலில் உரசினால் தாங்கும், 36 கம்பி உள்ளது நன்றாக வளையும். கப்பிகள் பெரிதாக இருந்தால் 19-ஐயே எடு. கடல் ஓரம், கால்வனைஸ் கட்டாயம். வெர்னியரில் அளக்கும்போது எதிரெதிர்ப் புரிகளின் மேட்டில் வைத்து அள. இரண்டு புரிகளின் தட்டையில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும்.

சுருளைத் தரையில் படுக்கப் போட்டு ஒரு பக்கமாக உருவாதே, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு விழும். ஒருமுறை முறுக்கி மடங்கிய ரோப் நிமிர்த்தினாலும் பழைய ரோப் ஆகாது. சுருளை ஒரு பைப்பில் கோத்துச் சுழலவிட்டு இழு. டிரம்மில் ஏற்றும்போது லேசாக எதிரிழுவை கொடுத்து, சுற்றோடு சுற்று ஒட்ட ஏற்று. முதல் கப்பி டிரம்முக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ரோப் ஒழுங்காகச் சுற்றாது. டிரம் அரை மீட்டர் அகலம் என்றால் கப்பி 10 மீட்டராவது தள்ளி, டிரம்மின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். எவ்வளவு நீளம் இழுத்தாலும் டிரம்மில் 3 சுற்றுக்குக் குறையக் கூடாது. நான் 5 சுற்று விட்டுவைப்பேன். ஐந்தாவது சுற்று வரும் இடத்தில் ரோப்பில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடு, கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, வின்ச்சில் எழுதியிருக்கும் 3 டன் டிரம்மின் முதல் அடுக்குக்குத்தான். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும்.

ரோப் முனையை மடக்கிச் செய்யும் வளையத்தைக் கண் என்பார்கள். உள்ளே திம்பிள் என்ற இரும்புக் காப்பு போட்டு, பிரஸ் செய்த கண்ணாகவே கேட்டு வாங்கு. கிளிப் போட வேண்டி வந்தால் நான்கு போடு, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில். கிளிப்பின் சேணம், அதாவது தடித்த அடிக்கட்டை, பாரம் இழுக்கும் ரோப்பின் மேல் உட்கார வேண்டும், அதன் வளைந்த கம்பி மடக்கி வந்த வெட்டுமுனையின் மேல். மாற்றிப் போட்டால் இழுக்கும் ரோப்பையே கடித்துவிடும். பாதிப் பேர் இதை மாற்றித்தான் போடுகிறார்கள். முதல் தடவை இழுத்து முடித்ததும் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கு.

தினமும் காலையில் துணி போட்டுத் துடை, கையை விடாதே. ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் நீளத்துக்குள் 6 கம்பி அறுந்திருந்தால், அல்லது ஒரே புரியில் 3 அறுந்திருந்தால், அன்றோடு அந்த ரோப்பின் வேலை முடிந்தது. கூடுபோல உப்பியிருந்தாலும், நசுங்கியிருந்தாலும், துரு குழி விழுந்திருந்தாலும் அப்படியே. உப்புத் தண்ணீரில் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ரோப்புக்கான கிரீஸ் போடு.

அப்புறம் நிற்கும் இடம். ரோப்புக்கு நேராக நிற்காதே. தாண்டாதே. மூலைக்குள் போகவே போகாதே. பாரத்தை வாங்கும் கப்பியைக் கட்டிய இடம் ரோப்பைவிடக் கூடுதலாக இழுபடும். 90 டிகிரி மடங்கினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நேரே திரும்பி வந்தால் இரண்டு மடங்கு. அந்தக் கட்டும் பிய்த்துக்கொண்டு வரலாம். தளர்ந்த ரோப்பைத் திடீரென்று வெட்டி இழுக்காமல் மெதுவாக விறைக்க விடு. தோல் கையுறை போடு, ஓடும் ரோப்பைக் கைக்குள் வழுக்க விடாதே. விறைத்த ரோப்பின் நடுவில் கனத்த போர்வை போட்டால் அறுந்தாலும் வீச்சு கொஞ்சம் குறையும். அதை நம்பிப் பக்கத்தில் நிற்காதே.

யாராவது "இன்னும் ரெண்டு இழுவைதான்" என்று சொன்னால், அவர் யாராக இருந்தாலும், வின்ச்சை நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. வேலை போனாலும் பரவாயில்லை, நான் இருக்கிறேன். மாமாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இதை எழுத உனக்கு இருபது வருஷம் ஆச்சா" என்றார். கோபத்தில் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நம்ம தெருப் பையன் அங்கே வருகிறான். அவனிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறாள் அம்மா. ரோப் மாட்டியதும் முனையைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. சேணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நானும் மாமாவும் பார்க்க வேண்டும்.

உன் அப்பா